விடியற்காலை வாத்தியார்கள்!

அங்கே ஹோம்வொர்க் நேரம்... இங்கே கோழி கூவுற நேரம்... நடுவுல ஒரு ஹெட்செட்!

ஒரு சின்ன கணக்கு பாஸ். கலிஃபோர்னியாவில் எட்டாம் கிளாஸ் படிக்கிற ஒரு பையன், ஸ்கூல் முடிஞ்சு வந்து, எதையோ கொறிச்சுட்டு, சாயங்காலம் 5 மணிக்கு அல்ஜீப்ரா புத்தகத்தைத் திறக்கிறான். அப்போ நம்ம ஊர்ல மணி என்ன? டிசம்பர் மாசம்னா மறுநாள் காலை 6.30. மே மாசம்னா 5.30. பையன் நியூயார்க்கில் இருந்தா இன்னும் கொடுமை. அதே 5 மணி, இங்கே டிசம்பரில் அதிகாலை 3.30... மே மாசத்தில் 2.30!

அந்த நேரத்துல நாமெல்லாம் எங்கே இருப்போம்னு உங்களுக்கே தெரியும். செமஸ்டருக்கு முந்தின ராத்திரியா இருந்தா ஒழிய, போர்வைக்குள்ளேதான்! ஆனா, அதே நேரத்தில் தலையில் ஹெட்செட் மாட்டி, கையில் டிஜிட்டல் பேனா பிடிச்சு, ‘குட் ஈவினிங்’ சொல்லிப் பாடம் நடத்துற டீச்சர்கள் இந்தியாவில் 20 வருஷத்துக்கும் மேலாக இருக்காங்க. ஸ்டூடண்ட் ஒரு கண்டத்தில், வாத்தியார் இன்னொரு கண்டத்தில். நடுவில் ஒரு கம்பெனி, ரெண்டு பக்கமும் கை நீட்டிக்கிட்டு!

நானும் உங்களை மாதிரி இன்ஜினீயரிங் படிக்கிற, பாக்கெட் மணி பத்தாத பார்ட்டிதான். ‘வீட்டிலிருந்தே வெளிநாட்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தி சம்பாதிக்கலாம்’ என்கிற விளம்பரம் உங்க செல்போனுக்கு வர்ற மாதிரியே எனக்கும் வருது. சரி, இந்தத் தொழில் எப்படிப் பொறந்தது, யார் இதில் ஜெயிச்சாங்க, யார் மாட்டிக்கிட்டாங்க... சேர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் தோண்டிப் பார்த்துடலாமே!

கொச்சி டு கலிஃபோர்னியா

ஆரம்பம் 2000-களின் முதல் பாதி. கால்சென்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலம். கடலுக்கு அடியில் கேபிள் மேல் கேபிளாகப் போட்டாங்க. 2002-ல் நம்ம சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் சுமார் 3,200 கி.மீ. நீளத்துக்கு ஒரு கேபிள் வந்தது. கொச்சியிலும் சர்வதேச கேபிள்கள் கரையேறின. இன்டர்நெட் வேகமாச்சு, விலையும் இறங்குச்சு. ‘அமெரிக்காக்காரனோட கிரெடிட் கார்டு பிரச்னையை இங்கிருந்தே தீர்க்கலாம்னா, அவன் புள்ளையோட கணக்குப் பிரச்னையை ஏன் தீர்க்கக் கூடாது?’னு சிலருக்குப் பொறி தட்டியது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஆபீஸ், கொச்சியில் டீச்சர்கள் என ‘குரோயிங் ஸ்டார்ஸ்’ கம்பெனியை ஆரம்பித்தார் பிஜு மேத்யூ. அமெரிக்காவில் நேரில் வந்து டியூஷன் எடுக்க மணிக்கு 40, 50 டாலர், ஏன் அதுக்கு மேலேயும்கூட வாங்கின காலத்தில், இவங்க வாங்கினது சுமார் 20 டாலர். விடிவதற்கு முன்னாடியே கொச்சி டீச்சர்கள் சென்டருக்கு வந்துடுவாங்க. பேசுறதுக்கு ஹெட்செட், எழுதுறதுக்கு டிஜிட்டல் பேனா. இவங்க இங்கே எழுதுறது அங்கே பையனோட கம்ப்யூட்டர் திரையில் தெரியும். 2005-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழே இதைப் பத்தி எழுதியது.

அதே 2005-ல் பெங்களூரில் பிறந்தது ‘டியூட்டர்விஸ்டா’. கே.கணேஷும் மீனா கணேஷும் ஆரம்பித்த இந்தக் கம்பெனி அடிச்ச சிக்ஸர், விலை! மாசம் சுமார் 100 டாலர் கட்டினா போதும். எத்தனை மணி நேரம் வேணும்னாலும், எந்தப் பாடத்தில் வேணும்னாலும் டவுட் கேட்டுக்கலாம். ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ மாதிரி அன்லிமிடெட் டியூஷன்! டீச்சர்களும் ஆபீஸுக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே எடுக்கலாம். குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட ஆசிரியைகள், ரிட்டயர் ஆன வாத்தியார்கள் எல்லாம் இப்படித்தான் உள்ளே வந்தாங்க.

2011-ல் இங்கிலாந்தின் ‘பியர்சன்’ நிறுவனம் 12.7 கோடி டாலர் கொடுத்து, டியூட்டர்விஸ்டாவில் தன்னோட பங்கை 76 சதவிகிதமாக்கியது. அப்புறம்? 2017-ல் பியர்சன் அதை ‘பைஜூஸ்’ நிறுவனத்துக்கு விற்றது. பைஜூஸ் கதைதான் நமக்கே தெரியுமே... 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது! பாடம் நடத்துற டீச்சர் அதே இடத்தில்தான் இருக்கார். அவர் தலைக்கு மேலே போர்டு மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

இன்னொரு விஷயமும் இந்தத் தொழிலுக்குக் காத்து கொடுத்தது. 2002 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்துப் போட்ட ஒரு கல்விச் சட்டம். ‘ஒரு குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்பதுதான் அதன் பேரே. தொடர்ந்து இலக்கை எட்டாத பள்ளிகளில் படிக்கிற ஏழைக் குழந்தைகளுக்கு அரசாங்கப் பணத்தில் இலவச டியூஷன் கொடுக்கணும்னு அதில் ஒரு பிரிவு இருந்தது. ‘எங்க வரிப்பணத்தில் வெளிநாட்டு டீச்சர்களுக்கு ஏன் சம்பளம்? குழந்தைங்ககிட்ட பேசுறவங்களோட பின்னணியை யார் சரிபார்த்தது?’னு அமெரிக்க ஆசிரியர் சங்கங்கள் அப்பவே கொடி பிடிச்சாங்க. ரெண்டாவது கேள்வி இன்னிக்கும் நியாயமான கேள்விதான்.

‘ரப்பர்’ கேட்டா வம்பு!

கணக்கு உலகம் பூரா ஒண்ணுதானேனு நினைக்காதீங்க. ரெண்டும் ரெண்டும் நாலுங்கிறது பொது. அதைச் சொல்ற பாஷை வேற!

நாம ‘பிராக்கெட்’னு சொல்ற வளைவுக் குறிக்கு அங்கே ‘பேரன்தீசிஸ்’. நம்ம ‘ஃபுல் ஸ்டாப்’ அங்கே ‘பீரியட்’. ‘மேத்ஸ்’ இல்லை, ‘மேத்’. ‘இஸட்’ இல்லை, ‘ஸீ’. லட்சம், கோடினு வாய் தவறி வந்துட்டா பையன் முழிப்பான். வெயில் ஃபாரன்ஹீட்டில், உயரம் அடியில், எடை பவுண்டில். ‘ரப்பரை எடுத்து அழி’னு ஒரு அமெரிக்கப் பையன்கிட்ட சொல்லிடாதீங்க. அங்கே அது ‘இரேஸர்’. ‘ரப்பர்’னா அர்த்தமே வேற. உங்க கிளாஸ் பெரிய மனுஷங்ககிட்ட கேட்டுக்கோங்க!

எல்லாத்தையும்விட டேஞ்சர், நம்ம உயிர்த் தோழன் ‘டவுட்’. ‘எனி டவுட்ஸ்?’னு கேட்டா நமக்கு அர்த்தம், ‘ஏதாவது கேள்வி இருக்கா?’ அவங்களுக்கோ, ‘என்னை நம்பலையா?’னு கேட்கிற மாதிரி. அதனால்தான் கம்பெனிகள் டீச்சர்களுக்கு அமெரிக்கப் பாடத்திட்டம், உச்சரிப்பு, பேச்சு வழக்குனு தனியா டிரெயினிங் கொடுத்தாங்க.

உச்சரிப்பைவிடக் கஷ்டமான டிரெயினிங் ஒண்ணு இருக்கு. நம்ம கிளாஸ்ரூமில் தப்பா சொன்னா என்ன ஆகும்? ‘பெஞ்ச் மேல ஏறு!’ அங்கே தப்பான விடைக்கும், ‘நல்ல முயற்சி... இந்த இடத்துல மட்டும் மறுபடி பார்ப்போமா?’னு ஆரம்பிக்கணும். சும்மா பாலிஷ் போடுறதில்லை பாஸ் அது. பையன் எந்தப் படியில் வழுக்கினான்னு கண்டுபிடிக்கிற வேலை அது. நம்மளை யாராவது அப்படிக் கேட்டிருந்தா, எத்தனை பேருக்கு எம்-1 அரியர் விழாம இருந்திருக்கும்!

ஒருத்தருக்கு ஒருத்தர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தா என்ன மாற்றம் வரும்? அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பாடத்தில் முழுசாகத் தேறிய பிறகுதான் அடுத்ததுக்குப் போகணும் என்கிற முறையில், தனி டியூட்டரிடம் படித்த சராசரி மாணவன், சாதாரண வகுப்பில் படிக்கிற 98 சதவிகித மாணவர்களைவிட மேலே இருந்தான் என்பது அவர் சொன்ன முடிவு. பிறகு வந்த ஆய்வுகள் ‘அவ்வளவு பெரிய தாவல் எல்லாம் வழக்கமா வர்றதில்லை’னு சொன்னாலும், தனி டியூஷன் பலன் தருதுங்கிறதை மறுக்கலை. பிரச்னை எப்பவும் செலவுதான். ஆளுக்கொரு வாத்தியார் யாருக்குக் கட்டுப்படியாகும்? ‘விலை குறைவான ஊரிலிருந்து வாத்தியாரைக் கொண்டு வா’ என்பதுதான் இந்தக் கம்பெனிகள் கண்டுபிடிச்ச விடை.

டோக்கியோவுக்கு மணிலாவிலிருந்து!

இதே ஃபார்முலாவை வேற ஒரு மூலையில், வேற ஒரு பாடத்துக்குப் போட்டுப் பார்த்தாங்க. ஜப்பானில் ஆங்கிலப் பேச்சு வகுப்புகள் ரொம்பப் பெரிய பிசினஸ். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக்குப் பக்கம் கிளை வெச்சிருந்த ‘நோவா’ என்கிற மிகப் பெரிய நிறுவனம், 2007 அக்டோபரில் மூழ்கியது. வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்னாங்க. முன்பணம் கட்டியிருந்த மாணவர்களோ லட்சக்கணக்கில்!

அதே 2007-ல்தான் ‘ரேர்ஜாப்’ என்கிற சின்ன கம்பெனி டோக்கியோவில் கடை விரித்தது. ஸ்டேஷன் பக்கத்தில் கிளை கிடையாது, கட்டடம் கிடையாது. ஸ்கைப் மட்டும்தான். ஒரு வகுப்பு 25 நிமிஷம். டீச்சர்? பிலிப்பைன்ஸில்! ஆரம்பத்தில் அவங்க தேடிப் பிடித்தது யாரை தெரியுமா? பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மாணவர்களை. ஆமாங்க, நம்ம வயசுக்காரங்க!

ஏன் பிலிப்பைன்ஸ்? அங்கே ஆங்கிலம் ஆட்சி மொழிகளில் ஒண்ணு. அமெரிக்கா 1898-லிருந்து 1946 வரை ஆண்ட நாடு. மணிலாவுக்கும் டோக்கியோவுக்கும் நேர வித்தியாசம் ஒரே ஒரு மணி நேரம். மணிலாவுக்கும் பீஜிங்குக்கும் வித்தியாசமே கிடையாது. ராத்திரித் தூக்கத்தை அடகு வைக்காமலே பாடம் நடத்தலாம். சீனாவில் 2011-ல் ஆரம்பிச்ச ‘51டாக்’ இதே பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களை நம்பி வளர்ந்து, 2016-ல் நியூயார்க் பங்குச் சந்தை வரைக்கும் போய்ட்டாங்க.

ஒரே அறிவிப்பு... மொத்த கிளாஸும் காலி!

இப்போ கதையைத் தலைகீழா திருப்புவோம். 2013-ல் பீஜிங்கில் ஆரம்பித்த ‘விஐபி கிட்’ கம்பெனி, டீச்சர்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் தேடியது. சீனக் குழந்தைகளுக்கு, வட அமெரிக்க ஆசிரியர் 25 நிமிஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார். பீஜிங்கில் சாயங்காலம் 6 மணினா, நியூயார்க்கில் குளிர்காலத்தில் விடியற்காலை 5 மணி. இந்த முறை அலாரம் வெச்சு எழுந்தது அமெரிக்க டீச்சர்! பகலெல்லாம் ஸ்கூலில் பாடம், விடியற்காலையில் சீனக் குழந்தைக்கு ‘ஏ ஃபார் ஆப்பிள்’. சம்பளம் போதாத எத்தனையோ பள்ளி ஆசிரியர்களுக்கு அது வீட்டு வாடகை, கார் கடன்.

மணிக்கு சுமார் 14 முதல் 22 டாலர் வரை கிடைத்தது. கண்டிஷன்களும் உண்டு. வகுப்பு முடிஞ்சதும் பெற்றோர் மார்க் போடுவாங்க. நட்சத்திரம் இல்லை, ஆப்பிள்! அஞ்சு ஆப்பிள் வாங்கினா அடுத்த வகுப்பு புக் ஆகும். ஆப்பிள் குறைஞ்சா காத்து வாங்க வேண்டியதுதான். வாத்தியாருக்கே இன்டர்னல் மார்க்!

2021 ஜூலை கடைசியில் சீன அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. குழந்தைகளின் ஹோம்வொர்க் சுமை, டியூஷன் சுமை ரெண்டையும் குறைக்கணும் என்பதால் அதுக்குப் பேரே ‘இரட்டைக் குறைப்பு’. பள்ளிப் பாடங்களுக்கான டியூஷனை லாபத்துக்காக நடத்தக் கூடாது, வெளிநாட்டில் இருக்கிற வெளிநாட்டவரை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது... அவ்வளவுதான். ஆகஸ்ட் மாசமே, வெளிநாட்டு ஆசிரியர்களின் வகுப்புகளுக்குப் புதிதாகக் கட்டணம் வாங்குவதை விஐபி கிட் நிறுத்தியது. பல்லாயிரம் ஆசிரியர்களோட அட்டவணை காலி ஆனது. ரெண்டு, மூணு வருஷமா வாரம் தவறாமல் பார்த்த குழந்தைக்கு டாட்டா காட்டக்கூட எத்தனையோ பேருக்கு வாய்ப்பில்லை. 51டாக்கும் சீனச் சந்தையை விட்டு வெளியே போய், வேற நாடுகளில் மாணவர்களைத் தேட வேண்டியதாச்சு.

கவனிச்சீங்களா? டீச்சர் எந்தத் தப்பும் பண்ணலை. மாணவனும் பண்ணலை. ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மேஜையில் ஒரு கையெழுத்து. வேற நாட்டு மாணவனுக்குப் பாடம் நடத்தும்போது, அந்த நாட்டுச் சட்டமும் உங்க கிளாஸ்ரூமுக்குள்ளே ஒரு பெஞ்ச்சில் உட்கார்ந்திருக்கு!

ஸரிகம... பொறு பொறு, லைன் வரலை!

நம்ம ஊருக்கே உரிய ஒரு ஆன்லைன் டியூஷன் இருக்கு. அது எந்தக் கம்பெனியும் சொல்லித் தராமல் தானாக வளர்ந்தது. கர்னாடக சங்கீதம்!

2003-ல் ஸ்கைப் வந்தது. நியூஜெர்ஸியிலும் சான் ஹோசேயிலும் இருந்த நம்ம வீட்டுக் குழந்தைகள், மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருக்கிற பாட்டு டீச்சர்கள்கிட்ட ஸ்கைப் வழியா கத்துக்க ஆரம்பிச்சாங்க. 1978-லிருந்து நடக்கிற கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனை மாதிரியான விழாக்களுக்குத் தயாராகுற பிள்ளைங்களுக்கு, இந்த ஆன்லைன் வகுப்புகள் பெரிய துணை. ஸ்கைப் 2025 மே மாசம் கடையை மூடிடுச்சு. வகுப்புகள் வேற செயலிகளில் ஜோரா ஓடுது.

இதில் ஒரு இன்ஜினீயரிங் சிக்கல் இருக்கு. ஈ.சி.ஈ. மக்களே, இது உங்களுக்கு! கண்ணாடி இழையில் ஒளி போற வேகம் விநாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. சென்னைக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நேர்க்கோட்டில் போனாலே சுமார் 14,000 கி.மீ. அப்போ போறதுக்கு மட்டும் 70 மில்லி செகண்ட், போய் வர 140. கேபிள் நேர்க்கோட்டில் போறதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேற. ஆக, நிஜத்தில் இதுவும் கூடும். சேர்ந்து வாசிக்கிற கலைஞர்களுக்கோ 25, 30 மில்லி செகண்டுக்கு மேல் தள்ளிப் போனாலே தாளம் உதைக்கும்.

அதனால்தான் டீச்சரும் மாணவியும் சேர்ந்து பாட முடியாது. டீச்சர் போடுற தாளத்துக்கு இங்கே மாணவி பாடினா, டீச்சர் காதுக்கு அவ எப்பவும் லேட்! ஆனா, நம்ம குருகுலப் பாணி இருக்கே... ‘நான் ஒரு வரி பாடுறேன், நீ திருப்பிப் பாடு’ முறை, அது அற்புதமா ஒத்துப்போகுது. கால் செகண்ட் தாமதத்தை அது கண்டுக்கவே கண்டுக்காது.

இன்னொரு கூத்து, ஸ்ருதிப்பெட்டி. ஒரே மாதிரி ‘ங்ங்...’னு ஓடுற தம்புரா ஒலியை, வீடியோ கால் சாஃப்ட்வேர் ஃபேன் சத்தம்னு நினைச்சு வெட்டிடும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ மாதிரி வசதியை ஆன் பண்ணினாத்தான் ஸ்ருதி கேட்கும். அதுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு ஸ்ருதிப்பெட்டி வெச்சுக்கிறவங்களும் உண்டு.

டவுட்டா... பரீட்சையா?

இனிமேதான் நம்ம காலேஜ் வாசலுக்கே வர்ற கதை. கொஞ்சம் சீரியஸ்.

வகுப்பு எடுக்க வேண்டாம், முகம் காட்ட வேண்டாம், ஆங்கிலத்தில் பேசவும் வேண்டாம். வெளிநாட்டு மாணவர் ஒரு கேள்வியை போட்டோ எடுத்துப் போடுவார். நீங்க ஸ்டெப் பை ஸ்டெப்பா விடை எழுதி அனுப்பணும். கேள்விக்கு இவ்வளவு ரூபாய். ‘எக்ஸ்பர்ட்’னு பட்டமும் உண்டு! கலிஃபோர்னியாவின் ‘செக்’ நிறுவனம் இந்த மாதிரி சேவையில் பிரபலம். அதுக்கு இந்தியாவில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட எக்ஸ்பர்ட்கள் இருந்ததாக 2021-ல் ‘ஃபோர்ப்ஸ்’ பத்திரிகை எழுதியது. இன்ஜினீயரிங், சயின்ஸ் படிச்சவங்கதான் அதிகம்.

2020-ல் கொரோனா வந்து பரீட்சைகள் ஆன்லைனுக்குப் போனதும் குட்டு உடைஞ்சது. பரீட்சை நடந்துக்கிட்டு இருக்கும்போதே கேள்விகள் இந்த மாதிரி தளங்களுக்கு வந்தன. பாஸ்டன் யுனிவர்சிட்டி, ஜார்ஜியா டெக் போன்ற இடங்களில் விசாரணைகள் நடந்தன. ‘காப்பியடிக்க நாங்க உதவலை, படிக்கத்தான் உதவுறோம்’ என்பது நிறுவனத்தின் நிலை. விசாரணைக்கு ஒத்துழைத்து, தகவல்களையும் கொடுத்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. அங்கே பரீட்சை ஹாலில் ஒருத்தன். இங்கே ஹாஸ்டல் ரூமில் தெர்மோடைனமிக்ஸ் கேள்விக்கு விடை எழுதுற இன்னொருத்தன். இவனுக்கு அது பரீட்சைனே தெரியாது. இவன் ராத்திரி கண் முழிச்சு எழுதின விடைக்கு அவனுக்கு டிகிரி! ஒரு கேள்விக்கு விடை எழுதுறதுக்கும், ஒருத்தனுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுக்கும் நடுவில் இருக்கிற கோடு இதுதான். சொல்லிக் கொடுத்தா, அடுத்த கணக்கை அவனே போடுவான். விடையை மட்டும் கொடுத்தா, அடுத்த கணக்குக்கும் உங்ககிட்டதான் வருவான். கம்பெனிக்கு எது லாபம்னு நான் சொல்ல வேண்டியதில்லை!

அந்த விடைக் கடைக்கும் ஆப்பு வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023 மே மாசம், ‘இதனால் எங்க புது வாடிக்கையாளர் வளர்ச்சி பாதிக்கப்படுது’னு செக் நிறுவனத்தின் தலைவரே சொல்ல, ஒரே நாளில் பங்கு விலை கிட்டத்தட்ட பாதியா சரிஞ்சது. காசு வாங்காமல், தூங்காமல், கேட்டவுடனே விடை எழுதுற மெஷினோட போட்டி போட நம்மளால முடியுமா?

ஆனா, எட்டாம் கிளாஸ் பையன் ‘புரிஞ்சுது’னு சொல்லும்போது அவன் குரலில் தெரியுற தயக்கத்தைப் பிடிச்சு, ‘எங்கே, நீ எனக்குச் சொல்லிக் கொடு பார்ப்போம்’னு கேட்கிற அக்காவோட இடம் வேற. விடை சொல்ற வேலைதான் முதலில் போகுது. சொல்லிக் கொடுக்கிற வேலைக்கு இன்னும் ஆள் தேவைப்படுது.

களத்துல இறங்குறதுக்கு முன்னாடி...

‘எல்லாம் சரி, நான் டியூட்டர் ஆகலாமா, கூடாதா?’னு கேட்கிறீங்களா? தாராளமா ஆகலாம். ஒரு பாடத்தை நிஜமாவே புரிஞ்சுக்கணும்னா அதை இன்னொருத்தருக்கு நடத்துறதைவிட நல்ல வழி இல்லை. ஆனா, இந்த எட்டு விஷயத்தையும் பார்த்துட்டு இறங்குங்க.

1. காசு கேட்டா கழண்டுக்கோங்க: ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’, ‘டிரெயினிங் டெபாசிட்’னு முதலிலேயே பணம் கேட்கிற இடத்துக்கு ஒரு பெரிய கும்பிடு. வேலை கொடுக்கிறவர்தான் உங்களுக்குப் பணம் தரணும்.

2. நிஜ சம்பளத்தைக் கணக்குப் போடுங்க: ஒரு மணி நேர வகுப்புக்கு 300 ரூபாய்னு வெச்சுக்கோங்க. பாடம் தயார் பண்ண அரை மணி, முடிஞ்சதும் ரிப்போர்ட் எழுத கால் மணி. மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். அப்போ மணிக்கு சுமார் 171 ரூபாய்தான்!

3. கமிஷன் எவ்வளவு? இத்தாக்கி, ப்ரெப்ளி மாதிரி தளங்களில் விலையை நீங்களே வைக்கலாம். ஆனா, அவங்க ஒரு பங்கு எடுத்துப்பாங்க. ப்ரெப்ளியில் 2024 நிலவரப்படி முதல் டிரையல் வகுப்புப் பணம் முழுசும் கம்பெனிக்கு. அதுக்கப்புறம் 33 சதவிகிதத்தில் ஆரம்பிச்சு, நீங்க நிறைய வகுப்பு எடுக்க எடுக்க 18 வரை இறங்கும். சேர்றதுக்கு முன்னாடி அன்றைய விதியை நீங்களே படிங்க.

4. கடிகாரம் மாறும்: அமெரிக்காவில் மார்ச் ரெண்டாவது ஞாயிறும், நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாத்துவாங்க. நாம மாத்த மாட்டோம். அந்த வாரம் வகுப்பைக் கோட்டை விட்டீங்கன்னா ரேட்டிங் காலி.

5. பரீட்சைக் கேள்வியைத் தொடாதீங்க: மார்க் போட்ட கேள்வித்தாள், ‘20 நிமிஷத்தில் வேணும்’னு அவசரம்... இப்படி வந்தா உஷார். ‘இந்த மாதிரி வேற ஒரு கணக்கைச் சொல்லித் தர்றேன்’னு சொல்லிப் பாருங்க. படிக்க வந்தவன் இருப்பான். மத்தவன் ஓடிடுவான்.

6. சின்னப் பசங்களா? பெற்றோருக்குத் தெரிஞ்சே, கம்பெனி தளத்துக்கு உள்ளேயே பேசுங்க. தனி நம்பர், தனி சாட் வேண்டவே வேண்டாம். குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

7. பணம் எப்படி வரும்? எந்தத் தேதியில், எந்த வழியில், குறைந்தபட்சம் எவ்வளவு சேர்ந்தா எடுக்க முடியும்... எல்லாத்தையும் எழுத்தில் பாருங்க. வெளிநாட்டிலிருந்து வந்தாலும் வருமானம் வருமானம்தான், வரி விதிகள் உங்களுக்கும் உண்டு.

8. ஒரே கூடையில் முட்டை வேண்டாம்: விஐபி கிட் டீச்சர்களை நினைச்சுக்கோங்க. உங்க அஞ்சு நட்சத்திர ரேட்டிங் அந்தக் கம்பெனிக்குள்ளே மட்டும்தான் செல்லும். கம்பெனி மூடினா அதுவும் மூடும். செமஸ்டர் ஃபீஸை முழுசா இதை நம்பி வைக்காதீங்க.

ஒன்பதாவதா ஒண்ணு, அட்வைஸ் மாதிரி இருந்தா மன்னிச்சுக்கோங்க. காலை 9 மணிக்கு லேப் இருக்கிறவர் விடியற்காலை 2.30 மணி வகுப்பை எடுக்கக் கூடாது. அமெரிக்கப் பையன் பாஸ் ஆகி, நாம அரியர் வெச்சா அது என்ன நியாயம்?

காசு இல்லாத ஒரு கிளாஸ்

எல்லாமே பணத்துக்குத்தானானு கேட்டா, இல்லை. 1999-ல் டெல்லி கல்காஜி பகுதியில் சுவரில் ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் வெச்சு, ‘குழந்தைகள் தானா கத்துக்கிறாங்களா’னு பார்த்தாரே சுகதா மித்ரா... ஞாபகம் இருக்கா? அவர் பிறகு இங்கிலாந்தில் பேராசிரியராக இருந்தபோது, 2009 வாக்கில் ஒரு அழைப்பு விடுத்தார். ‘வாரம் ஒரு மணி நேரம், இந்தியக் குழந்தைகளோட ஸ்கைப்பில் பேச முடியுமா?’ ரிட்டயர் ஆன டீச்சர்கள் உட்பட எத்தனையோ பேர் கை தூக்கினாங்க. கதை படிச்சாங்க, கேள்வி கேட்டாங்க, ‘அட, பிரமாதம்!’னு பாராட்டினாங்க. ‘பாட்டி மேகம்’னு பேரே வந்துடுச்சு. அங்கே சம்பளம் கிடையாது, ஆப்பிளும் கிடையாது.

அதுக்கு ஸ்கைப்கூட வேண்டாம். உங்க தெருக்கோடியில் ஒரு அரசுப் பள்ளி இருக்கும். அங்கே ‘மைனஸ் இன்டு மைனஸ் எப்படி சார் பிளஸ் ஆகும்?’னு கேட்கத் துடிக்கிற ஒரு ஆறாம் கிளாஸ் தங்கச்சி நிச்சயம் இருப்பா. டாலர் வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு மாசம் கணக்கு எடுத்துப் பாருங்க. நடத்த வருதா, பொறுமை இருக்கா, கோபம் வருதானு உங்களுக்கே தெரிஞ்சிடும். உச்சரிப்பு டிரெயினிங் தேவையில்லை. நடுராத்திரி அலாரம் வேண்டாம். முக்கியமா, அவகிட்ட தைரியமா ‘ரப்பர்’ கேட்கலாம்!